வீட்டில் தூண்டில் ஈயமும் ஜிக்கும் வார்க்க என்ன கருவிகள் வேண்டும்? கடலூர், புதுச்சேரி தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேவனாம்பட்டினத்தில் கரையிலிருந்து வீசுபவர்களுக்கும், புதுச்சேரி கடற்கரைச் சாலையின் கருங்கற்களுக்கு இடையே தூண்டில் போடுபவர்களுக்கும், சுண்ணாம்பாற்றில் கொடுவாய்க்கு ஜிக் (முள்ளின் தலையில் ஈயம் வார்த்த தூண்டில்) இழுப்பவர்களுக்கும் ஈயம் ஓயாத செலவு. கல்லில் சிக்கினால் போனது போனதுதான். அதனால் பலரும் சொந்தமாக வார்க்க நினைக்கிறார்கள். கருவி வாங்கும் முன் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

முதலில் எதை வாங்க வேண்டும்? சட்டியா, அடுப்பா, அச்சா?

அச்சு. வாங்காவிட்டாலும் எந்த அச்சு என்பதையாவது முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலானோர் சட்டியில் தொடங்குகிறார்கள், பிறகு அது தங்கள் அச்சுக்குப் பொருந்தாமல் தவிக்கிறார்கள். சட்டி எத்தனை கிலோ பிடிக்க வேண்டும், கரண்டியால் ஊற்றினால் போதுமா, ஈயம் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும், சூடு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்ற நான்கையும் அச்சுதான் தீர்மானிக்கிறது.

மணல் கரையில் அலைக்கு வெளியே வீச 80 முதல் 120 கிராம் வரையான கூம்பு அல்லது கம்பிக்கால் வைத்த குண்டு வேண்டும். இது பருமனான வார்ப்பு. ஈயம் சற்றுக் கடினமாக இருந்தாலும், சூடு கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் நிரம்பிவிடும். எரிவாயு அடுப்பும் இரும்புச் சட்டியும் கரண்டியும் போதும். 7 முதல் 20 கிராம் வரையான ஜிக் ஹெட் அப்படியல்ல. ஈயம் முள்ளின் தண்டைச் சுற்றி ஓடி, கழுத்தில் உள்ள மெல்லிய வளையம் வரை போய் நிற்க வேண்டும். அதற்கு மென்மையான சுத்த ஈயம், சூடேறிய அச்சு, நின்று நிதானமாக விழும் ஊற்று மூன்றும் வேண்டும். அடியில் குழாய் உள்ள மின்சட்டி இங்கேதான் தன் விலைக்கு வேலை செய்கிறது.

கருங்கல் பகுதியில் மட்டும் போடுபவருக்கு இவ்வளவும் தேவையில்லை. எவர்சில்வர் மேசைக்கரண்டியே அவருக்கு அச்சு. அதைக் கீழே பார்க்கலாம்.

எத்தனை குண்டு தேவைப்பட்டால் சொந்தமாக வார்ப்பது லாபம்?

மாதம் ஐந்தாறு குண்டு போனால் கடையில் வாங்குவதே நல்லது. அடுப்பு, சட்டி, அச்சு, கையுறை, முகக்கவசம், முகமூடி என்று ஆகும் செலவு திரும்பி வராது. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே செட் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மொத்தமாக வார்ப்பதே சரியான வழி. கடையில் கிடைக்காத எடையோ வடிவமோ வேண்டுமென்றால் மட்டும் தனியாளும் இறங்கலாம்.

எங்கே வைத்து உருக்கலாம்? மாடி சரியா?

வீட்டுக்குள் எங்கும் கூடாது. சமையலறை, கார் நிறுத்தும் மூடிய இடம், சன்னல் திறந்த அறை எல்லாமே தவறு. வெளியே, மேலே ஓட்டு அல்லது தகரக் கூரை இருந்து பக்கங்கள் திறந்திருக்கும் இடம் நல்லது. கூரை மழைத்துளிக்காக. திறந்த பக்கம் புகைக்காக.

மொட்டை மாடியில் வற்றலோ கருவாடோ காயவைக்கிறீர்கள் என்றால் அந்த மாடி வேண்டாம். கசடு வாரும்போது பறக்கும் சாம்பல்நிறத் தூள் ஈய ஆக்சைடு. அது தரையில் படிந்து அடுத்த வாரம் கருவாட்டில் ஒட்டும். தண்ணீர்த் தொட்டிக் குழாய் ஒழுகும் இடமும், துணிக்கொடிக்குக் கீழும் வேண்டாம்.

நம் பக்கம் காலையில் நிலக்காற்று, நண்பகலுக்கு மேல் கடற்காற்று. காற்று உங்கள் பக்கவாட்டில் கடந்து போகும்படி நில்லுங்கள். முதுகில் காற்று வாங்கி நின்றால் புகை உங்கள் முன்னால் சுழன்று முகத்துக்கே வரும்.

வெறும் சிமெண்டுத் தரையில் உருகிய ஈயம் கொட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சிமெண்டுச் சில்லுகள் தெறிக்கும். தரையில் ஒரு இரும்புத் தகடு போட்டு, அதன்மேல் வறுத்து ஆறவைத்த ஆற்று மணலை ஒரு விரல்கடை பரப்பி, அதில் அடுப்பை வையுங்கள். கடற்கரை மணல் கூடாது. அதில் உள்ள உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எரிவாயு அடுப்பா, மின்சட்டியா, கரி அடுப்பா?

பழைய ஈயத்தை உருக்கிச் சுத்தம் செய்யவும், பெரிய குண்டு வார்க்கவும் எரிவாயு. ஒற்றை பர்னர் உள்ள, குட்டையான, வார்ப்பிரும்பு அடுப்பாகப் பாருங்கள். வீட்டுச் சமையல் அடுப்பின் மெல்லிய கம்பித் தாங்கி இந்த எடைக்குச் செய்யப்பட்டதல்ல. 10 கிலோ ஈயம் ஒரு லிட்டர் கூட வராது, சுமார் 0.88 லிட்டர்தான். சின்னச் சட்டிதானே என்று கண் ஏமாந்துவிடும், தாங்கி வளைந்துவிடும். அடுப்பின் கால்கள் அகலமாக இருக்க வேண்டும். சிலிண்டர் குழாய் கால் தடுக்கும் வழியில் போகக் கூடாது.

ஜிக் வார்க்க மின்சட்டி. சூட்டை நிலையாக வைத்திருக்கும், மேலே கசடு மிதக்க அடியிலிருந்து சுத்த ஈயம் வரும். ஆனால் அதில் அழுக்கு ஈயத்தைப் போடவே கூடாது. மணலும் ஆக்சைடும் குழாய் வாயில் சிக்கினால் சொட்டிக்கொண்டே இருக்கும். எரிவாயு அடுப்பில் சுத்தம் செய்து கட்டிகளாக வார்த்து வைத்ததை மட்டுமே மின்சட்டிக்குக் கொடுங்கள். எப்படியும் கொஞ்சம் சொட்டும். கீழே எப்போதும் உலர்ந்த இரும்புத் தட்டு இருக்கட்டும்.

கரி அடுப்பில் ஈயம் உருகும், சந்தேகமில்லை. ஆனால் ஊதினால் சூடு எங்கே போகிறது என்று தெரியாது, குறைக்க நினைத்தாலும் உடனே குறையாது. தொடங்குபவருக்கு வேண்டாம்.

அமெரிக்க மின்சட்டியை இணையத்தில் வாங்கலாமா?

முதலில் வோல்டேஜைப் பாருங்கள். லீ போன்ற நிறுவனங்களின் சட்டிகள் 110 வோல்ட்டுக்கும் 220 வோல்ட்டுக்கும் தனித்தனியாக வருகின்றன. நமக்கு 220 வோல்ட் வகைதான் வேண்டும். 110 வோல்ட்டுக்குச் செய்த 700 வாட் சட்டியை நம் 230 வோல்ட்டில் செருகினால் நாலு மடங்குக்கு மேல், சுமார் 3,000 வாட் இழுத்து, சுருள் எரிந்துபோகும். 110 வோல்ட் சட்டி ஏற்கெனவே கையில் இருந்தால், வோல்டேஜ் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் குறைந்தது 1,000 வோல்ட்-ஆம்பியர் திறனில் வேண்டும்.

எர்த் உள்ள மூன்று முனை பிளக் கட்டாயம். கடற்காற்றில் பிளக் முனைகள் பச்சை பிடித்திருக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுச் செருகுங்கள். வாங்கும்போது குழாய் வாய்க்கும் அடித்தட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று அளந்து, உங்கள் அச்சு நின்றபடி நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4-20 என்று பெயரில் வரும் சட்டியில் 4 என்பது அந்த இடைவெளி அங்குலத்தில், 20 என்பது கொள்ளளவு பவுண்டில். அதாவது சுமார் 10 சென்டிமீட்டர், 9 கிலோ.

எரிவாயு அடுப்புக்கு எந்தச் சட்டி?

வார்ப்பிரும்பு, அல்லது 3 மில்லிமீட்டருக்குக் குறையாத இரும்புத் தகடு. வெல்டிங் பட்டறையில் 4 அங்குல இரும்புக் குழாயை ஒரு சாண் உயரத்துக்கு அறுத்து, அடியில் குழாயைவிட அகலமான தட்டை முழுச் சுற்றும் பற்றவைத்து, இரண்டு பக்கமும் காது வைக்கச் சொன்னால் அருமையான சட்டி கிடைக்கும். அகல அடித்தட்டு கவிழாமல் காக்கும். பற்றவைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விட்டுக் கசிவு பாருங்கள். பிறகு வெயிலிலும் அடுப்பிலும் நன்றாகக் காயவைத்துவிட்டே ஈயம் போடுங்கள்.

அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் சுடர் படும் மெல்லிய அடிப்பாகம் அதற்கு வெகு முன்பே இளகி, பத்துக் கிலோ எடையில் பிய்த்துக்கொள்ளும். துத்தநாகப் பூச்சுள்ள வாளி, ஜி.ஐ. குழாய் இரண்டும் கூடாது. பூச்சு ஈயத்தில் கரைந்து அதைக் கெட்டிக் கூழாக்கும். ஈயப்பற்று வைத்த டின் டப்பாவின் மூட்டு கழன்றுவிடும். வீட்டு இரும்புச் சட்டியை எடுத்தால், அன்றோடு அது சமையலறைக்குத் திரும்பக் கூடாது. மேலே சிவப்புப் பெயின்டில் "ஈயம்" என்று எழுதிவிடுங்கள்.

கரண்டி எப்படி இருக்க வேண்டும்?

வாய் கூர்மையாக மடிந்தது, பிடி ஒரு முழத்துக்குக் குறையாதது, மரக்கைப்பிடி உள்ளது. கனமான எவர்சில்வர் கரண்டியின் ஓரத்தைச் சுத்தியலால் மூக்கு போல மடித்துக்கொள்ளலாம். கொள்ளளவு உங்கள் பெரிய குண்டைவிட ஒன்றரை மடங்கு இருக்கட்டும். பாதியில் தீர்ந்து மறுபடி மொண்டு ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல் கோடு விழும், வீசும்போது அங்கேயே உடையும். கசடு வார ஓட்டைக் கரண்டி தனி.

கரண்டியைச் சட்டிக்குள் விடும் முன் விளிம்பில் வைத்துச் சூடேற்றுங்கள். குளிர்ந்த கரண்டியின் மேல் பனி போல ஈரம் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

சூட்டை எப்படி அளப்பது? எவ்வளவு வைப்பது?

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். பருமனான குண்டுக்கு 360 முதல் 390 வரையும், சிறு ஜிக்குக்கு 400 முதல் 430 வரையும் போதும். 500-ஐ நெருங்கினால் ஈயப்புகை வேகமாகக் கூடும். அந்தப் பக்கம் போக எந்தக் காரணமும் இல்லை. மேற்பரப்பில் மஞ்சள், நீலம், ஊதா என நிறம் வேகமாக ஓடினால் சூடு அதிகம் என்று கொள்ளுங்கள்.

கே-வகை தெர்மோகப்பிள் கம்பியும் (ஈயத்துக்குள் விட்டுச் சூட்டை உணரும் கம்பி) அதற்கான டிஜிட்டல் மீட்டரும் வாங்குங்கள். கம்பிக்கு எவர்சில்வர் உறை இருக்க வேண்டும். துப்பாக்கி போலச் சுட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு மீட்டர் இதற்கு உதவாது. பளபளக்கும் ஈயப் பரப்பை அது நிஜத்தைவிட மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பிச் சூட்டை ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

எந்தப் பொருளில் அச்சு நல்லது?

மேசைக்கரண்டி முறை: ஒரே அளவுள்ள எவர்சில்வர் கரண்டிகளை வறுத்த மணல் தட்டில் மட்டமாகப் பதியுங்கள். இரண்டு முனைகளிலும் எவர்சில்வர் கம்பி வளையம் நிற்கும்படி வைத்து ஊற்றுங்கள். 10 மில்லிலிட்டர் பிடிக்கும் கரண்டி 113 கிராம் தரும். தட்டையாக இருப்பதால் இழுக்கும்போது மேலெழும்பி வரும். கல் பகுதிக்கு இதைவிடச் சிக்கனமான ஈயம் இல்லை.

மாக்கல் நம் ஊரின் நல்ல பொருள். கல்சட்டி செய்யும் அதே கல். கத்தியாலும் துரப்பணத்தாலும் எளிதாகக் குடையலாம், சூட்டைத் தாங்கும். ஆனால் நுண்துளைகளில் ஈரம் வைத்திருக்கும். முதல் முறை பல மணி நேரம் இளஞ்சூட்டில் மெதுவாகக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் கல் விரியும்.

மரம் நாலைந்து வார்ப்புக்கு வரும். கரிந்து அளவு பெருத்துக்கொண்டே போகும். அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் நுணுக்கமான வடிவத்தை அப்படியே எடுக்கும். ஆனால் அதன் தாங்குசூடு பெரும்பாலும் 300 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதனால் ஈயத்தில் ஆயுள் குறைவு.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பலர் மலிவு என்று இதில்தான் தொடங்குகிறார்கள். இறுகிய பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதன் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்த தண்ணீர். வெயிலில் எத்தனை நாள் காய்ந்தாலும் அந்தத் தண்ணீர் போகாது. உருகிய ஈயம் பட்டதும் ஆவியாகி, ஊற்றுவாய் வழியே ஈயத்தை மேலே துப்பும். எங்கள் கருத்து: வேண்டாம்.

நிறைய வார்ப்பவருக்கு அலுமினியம்தான். கீல் வைத்து, மரக்கைப்பிடி போட்ட இரட்டை அச்சு. அமெரிக்காவின் டு-இட் போன்ற நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வடிவங்களில் விற்கின்றன. வாங்கும்போது எந்த நிறுவனத்தின் எந்த எண் முள்ளுக்காக அது குடையப்பட்டது என்ற பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உள்ளூர் லேத் பட்டறையில் அலுமினிய அச்சு செய்யச் சொல்லலாமா?

தாராளமாக. சி.என்.சி. (கணினி வழி குடையும் இயந்திரம்) இருக்கும் பட்டறையாக இருந்தால் நல்லது. அவர்களிடம் சொல்ல வேண்டியவை இவை. ஒவ்வொரு பாதியும் 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமன். மெல்லியதாக இருந்தால் சூட்டில் வளைந்து நடுவில் இடைவெளி விழும். இரண்டு வழிகாட்டி ஊசிகள் மூலைவிட்டமாக. ஊற்றுவாய் மேலே அகன்ற புனல், கீழே குண்டுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர். ஜிக்குக்கு இன்னும் குறைவு. புனலில் நிற்கும் மிகுதி ஈயம்தான் வார்ப்பு உறைந்து சுருங்கும்போது கீழே இறங்கி நிரப்புகிறது. புனல் சின்னதாக இருந்தால் குண்டின் தலையில் குழி விழும். பக்கச் சுவர்கள் 3 டிகிரியாவது சாய்வாக இருக்கட்டும், இல்லையென்றால் வார்ப்பு வெளியே வராது. ஊற்றுவாயிலிருந்து தொலைவில் உள்ள மூலைகளில் நகக்கீறல் ஆழத்துக்குக் காற்று வழி.

எடையை முன்பே கணக்கிட வழி உண்டு. எம்-சீலில் மாதிரி வடிவம் செய்து, அளவுக் குவளைத் தண்ணீரில் முழுக விடுங்கள். உயர்ந்த மில்லிலிட்டரை 11.3-ஆல் பெருக்கினால் ஈயத்தில் அதன் எடை கிராமில். 100 கிராம் குண்டு வேண்டுமானால் மாதிரி சுமார் 8.8 மில்லிலிட்டர் இருக்க வேண்டும்.

முட்டை வடிவக் குண்டுக்கு, தூண்டில் நரம்பு உள்ளே ஓட, நடுத்துளை வேண்டும். அதற்கு 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பி, ஒரு முனை சற்றே மெலிந்ததாக. ஈயம் உறைந்த உடனே, சூடாக இருக்கும்போதே குறட்டால் திருகி இழுங்கள். ஆறிவிட்டால் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பழைய ஈயம் எங்கே கிடைக்கும்? எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. நகத்தால் கீறினால் பள்ளம் விழுந்து உள்ளே வெள்ளியாக மின்னினால் மென்மையான ஈயம். எக்ஸ்ரே அறைத் தகடு, பழைய குழாய், கேபிள் உறை இந்த வகை. ஜிக்குக்கு இதுதான்.

டயர் கடையில் சேரும் சக்கரச் சமன் எடைகளில் கொஞ்சம் ஆன்டிமனி கலந்திருக்கும். கடினமாக இருக்கும். கடற்கரைக் குண்டுக்கு நல்லது, மெல்லிய ஜிக்குக்குச் சரியாக ஓடாது. இவற்றில் இரும்பும் துத்தநாகமும் கலந்தே வரும். இரும்பைக் காந்தம் பிடிக்கும். துத்தநாகத்தை வெட்டுக் குறட்டால் கடித்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஈயத்தில் வாய் பதியும், துத்தநாகத்தில் வழுக்கும். தப்பி உள்ளே விழுந்தாலும், சட்டி 390 டிகிரிக்குக் கீழ் இருந்தால் துத்தநாகம் உருகாமல் மிதக்கும், வாரி எடுத்துவிடலாம். அது உருகுவது ஏறத்தாழ 420-ல். ஒருமுறை கரைந்துவிட்டால் ஈயம் ஓட்ஸ் கஞ்சி மாதிரி திரளும். வீட்டில் அதைப் பிரிக்க வழியில்லை.

பழைய அச்சகங்களின் எழுத்துகள் சில சமயம் இரும்புக் கடைக்கு வரும். வெள்ளீயமும் ஆன்டிமனியும் நிறைந்தவை. மென்மையான ஈயத்தோடு சிறிதளவு சேர்த்தால் குண்டு உறுதியாகும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு முழுக்க வெள்ளீயம். அதை உருக்குவது வீண்.

முதுநகர், தேங்காய்த்திட்டுத் துறைமுகப் பக்கங்களில் கிழிந்த வலையிலிருந்து கழற்றிய வலை ஈயம் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு உருக்குங்கள்.

ஈயம் "வெடித்தது" என்கிறார்களே, எதனால்?

தண்ணீரால். உருகிய ஈயத்துக்குக் கீழே ஒரு துளி நீர் மாட்டினால் அது நொடியில் சுமார் 1,700 மடங்கு பெருத்து ஆவியாகி, மேலே இருக்கும் ஈயம் முழுவதையும் வீசி எறியும். மேற்பரப்பில் விழும் வியர்வைத் துளி பெரும்பாலும் சீறிப் போய்விடும். உள்ளே மூழ்குவதுதான் ஆபத்து.

வலை ஈயம் இதில் மிக மோசமானது. நடுத்துளைக்குள் கயிற்றுத் துண்டு, சிப்பி, மணல், எல்லாவற்றையும் கட்டிப்பிடித்த உப்பு. உப்பு இருக்கும் வரை வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் இரவில் மறுபடி ஈரம் குடிக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். பிறகு அடுப்பு எரியாதபோதே குளிர்ந்த சட்டியில் நிரப்பி, மிதமான சூட்டில் மூடி போட்டு ஏற்றுங்கள். உருகிய ஈயத்தின் மேல் பழைய ஈயத்தைப் போடாதீர்கள். இந்த ஒரு விதியை மீறாமலிருந்தாலே பெரும்பாலான விபத்துகள் நடக்காது. இடையில் சேர்க்க வேண்டுமானால், ஏற்கெனவே சுத்தம் செய்து வார்த்த கட்டியை, சட்டி விளிம்பில் சூடேற்றிவிட்டு, குறட்டால் பிடித்து மெதுவாக இறக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்க்க வேண்டாம். அச்சு, கட்டி, கருவி எல்லாமே ஈரம் கோத்திருக்கும். பங்குனி முதல் ஆனி வரை நல்ல காலம்.

கார், இன்வெர்ட்டர் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கலாமா?

கூடாது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி உலோகமே அல்ல, ஈய ஆக்சைடும் சல்பேட்டும் அமிலமும்தான். தகடுகளில் ஆர்செனிக், ஆன்டிமனி, கால்சியம் கலந்திருக்கலாம். அந்தக் கசடு ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற கொடிய வாயுக்கள் வரலாம். பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்கச் சொல்கின்றன.

கசடை எப்படிப் பிரிப்பது?

உருகியதும் பட்டாணி அளவு மெழுகுவர்த்தித் துண்டைப் போடுங்கள். புகையும், தீப்பிடிக்கும், அது இயல்பு. முகத்தை விலக்கி, காய்ந்த மரக்குச்சியால் அடி வரை கிளறுங்கள். ஆக்சைடாகிப்போன ஈயத்தில் ஒரு பகுதி மீண்டும் உலோகமாகித் திரும்பும், மண்ணும் சாம்பலும் மேலே வரும். வாரி எடுத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். அந்தத் தூள்தான் இந்த வேலையிலேயே அதிக நஞ்சு. தென்னைக்கு உரமாகவோ சாக்கடையிலோ போடக் கூடாது. சேர்த்து வைத்து ஈயம் வாங்கும் மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

சுத்தமான ஈயத்தை ஆங்கிள் இரும்பில் இரண்டு முனையும் அடைத்துச் செய்த தொட்டியில் அரைக்கிலோ கட்டிகளாக ஊற்றி, மென்மையானதா கடினமானதா என்று ஆணியால் கீறிக் குறித்து வையுங்கள்.

ஜிக்குக்கு முள், கம்பி எப்படித் தேர்ந்தெடுப்பது?

அச்சின் பள்ளத்தில் முள் தானாக உட்கார வேண்டும். அழுத்தி மூட வேண்டியிருந்தால் அந்த முள் அந்த அச்சுக்கு உரியதல்ல. மூடாத இடைவெளியில் பிசிறு ஓடும். தண்டு மெலிந்திருந்தால் ஈயம் வளையத்துக்குள் நுழைந்து அடைக்கும். முள்ளை ஊற்றும் முன் சூடேற்றுவது நல்லது, ஆனால் அச்சு விளிம்பில் வைத்து மட்டும். சட்டி ஈயத்தில் முக்கி வைத்தால் எஃகின் பதம் போய், பாறை மீன் ஒரே இழுப்பில் நிமிர்த்திவிடும்.

வளையத்துக்கு 304 அல்லது 316 வகை எவர்சில்வர் கம்பி, 1 முதல் 1.2 மில்லிமீட்டர். ஈயத்துக்குள் போகும் பகுதியை முறுக்கியோ கொக்கியாக வளைத்தோ விடுங்கள். நேர்க்கம்பி உருவிக்கொண்டு வரும். கட்டுக்கம்பி உப்புநீரில் சில வாரத்தில் துரு பிடித்து அறும்.

வார்ப்பு சரியாக வரவில்லை. ஏன்?

பாதி நிரம்பி, சுருக்கம் சுருக்கமாக வந்தால் அச்சு குளிர்ச்சி. முதல் ஐந்தாறு வார்ப்பு அப்படித்தான் வரும். அவற்றைச் சட்டிக்குத் திருப்பி, நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தால் அச்சு சூடேறிச் சரியாகும். அதற்குப் பின்னும் வந்தால் அச்சின் உட்புறத்தில் மண்ணெண்ணெய் விளக்குக் கரியை மெல்லிய படலமாகப் பிடியுங்கள். ஈயம் உடனே உறையாமல் ஓட அது இடம் கொடுக்கும், ஒட்டாமலும் காக்கும். கரி தடித்தால் நுணுக்கம் மறையும், மறக்காமல் துடையுங்கள்.

மங்கலாக, உப்புத் தூவியது போல வந்தால் அச்சோ ஈயமோ சூடு அதிகம். குண்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஒரு நிமிடம் அச்சைத் திறந்து வையுங்கள். தண்ணீரில் முக்கிக் குளிர வைக்காதீர்கள்.

ஒரு மூலை மட்டும் எப்போதும் நிரம்பாவிட்டால் அங்கே காற்று மாட்டுகிறது. கூரான ஊசியால் அந்த மூலையிலிருந்து விளிம்புக்கு ஒரு கீறல் போடுங்கள். சுற்றிலும் பிசிறு வந்தால் அச்சின் முகத்தில் ஈயத்துளி ஒட்டியிருக்கும், அல்லது கீல் தளர்ந்திருக்கும். எடை குண்டுக்குக் குண்டு மாறினால் ஊற்றும் வேகம் மாறுகிறது. புனல் முழுக்க நிரம்பி, மேற்பரப்பு உறையும் வரை அச்சை அசைக்காதீர்கள்.

கையுறை, முகமூடி எல்லாம் உண்மையில் தேவையா?

எல்லாம் தேவை. முகம் முழுவதும் மறைக்கும் கவசம். வெல்டர் பயன்படுத்தும் தோல் கையுறை. முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் காலணி, அதன் வாய் தெரியாமல் இறங்கும் பருத்திப் பேன்ட். செருப்பும் லுங்கியும் வேண்டாம். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். கசடு வாரும்போது பி100 அல்லது பி3 வடிகட்டி (நுண்தூளைத் தடுக்கும் தரம்) போட்ட அரைமுகமூடி. மருத்துவமனைத் துணி முகமூடி ஈயத் தூளுக்குப் பயனில்லை.

ஈயம் உடலுக்குள் போவது பெரும்பாலும் கை வழியாக வாய்க்கு. வேலை முடியும் வரை டீ, வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவிய பிறகே சாப்பாடு. அந்த உடுப்பைத் தனியே துவையுங்கள். இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். நடுவில் பிளவுள்ள சின்ன ஈயக்குண்டைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் அழுத்தும் பழக்கத்தை இன்றே விடுங்கள், அதற்குக் குறடு இருக்கிறது.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இடத்துக்கே வரக் கூடாது. ஈயத்துக்குத் தீங்கில்லாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. அடிக்கடி வார்ப்பவர் மருத்துவரிடம் சொல்லி ஆண்டுக்கொருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

சுட்டுக்கொண்டால்?

உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மை, மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். தோலில் ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காதீர்கள், மருத்துவர் எடுக்கட்டும். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டே மருத்துவமனைக்கு. இதற்காகத் தண்ணீர்க் குழாய் பத்தடி தள்ளி இருக்கட்டும், அடுப்புப் பக்கத்தில் வாளித் தண்ணீர் இருக்கக் கூடாது. தீக்கு உலர்ந்த மணல் வாளி.

ஈயம் இல்லாமல் வேறு எதில் செய்யலாம்?

வீராணம் மாதிரி ஏரிகளில் விராலுக்குப் போடும் சின்ன எடைகளுக்கு வெள்ளீயம் நல்லது. வாத்தும் நீர்க்கோழியும் அரைவைப் பைக்காகச் சிறு கற்களை விழுங்கும்போது சின்ன ஈயத்தையும் விழுங்கிச் சாகின்றன. இங்கிலாந்தில் 1987-லிருந்தே பெரும்பாலான சின்ன ஈய எடைகளுக்குத் தடை உண்டு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், அதே அச்சில் வார்க்கலாம். எடை ஈயத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும், விலை அதிகம். கருங்கல் பகுதியில் எப்படியும் போகப்போகிற எடைக்கு வார்ப்பே வேண்டாம். கம்பி கட்டிய பழைய நட்டு, முறுக்குக் கம்பித் துண்டு போதும்.

ஜிக்குக்குப் பெயின்ட் அவசியமா?

மீனுக்காக என்பதைவிட உங்கள் கைக்காக அவசியம். பெயின்ட் அடித்த ஈயம் விரலில் கருப்பு படியாது. பிசிறை வெட்டி, அரம் போட்டு (தூள் பறக்காமல், ஈரத்துணி மேல் வைத்து), தின்னரில் துடைத்து, வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் நிறம். பவுடர் கோட்டிங் என்றால் ஜிக்கைச் சுமார் 150 டிகிரி சூட்டில் பொடியில் ஒரு நொடி முக்கி, முள்ளைத் தொங்கவிட்டு, பொடி டப்பாவில் சொன்ன சூட்டில், பெரும்பாலும் 175 டிகிரியை ஒட்டி 20 நிமிடம், சுட வேண்டும். அதற்குப் பழைய சின்ன ஓவன் ஒன்றைத் தனியாக வையுங்கள். பொடி இறுகும் முன் முள் வளையத்தில் ஊசி விட்டுத் துளையைத் திறந்துவிட்டால், கடலோரத்தில் நரம்பு கோக்கும்போது குத்திக்கொண்டிருக்க வேண்டாம்.